எண்பதுக்கு அடுத்து அறுபத்தைந்து

முதலில் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள், அம்மா. பேச்சு பிறகு. எண்பதாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை நான் பார்க்க வேண்டும்.

அறுபத்தைந்து. சரி. இது என் புத்தகம்தான்.

என் புத்தகம் என்றால் நான் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுதியவர் வேறு. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நான் இதை அடுக்கியவள். ராயப்பேட்டையில் ஒரு பைண்டிங் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். இந்த மாத நாவல் மொத்தம் எட்டாயிரம் பிரதி. அதில் இருநூறு பிரதி மட்டும் இப்படிப் போனது. கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. அதற்கு முந்தின பதினாறு பக்கமே இரண்டு தடவை இருக்கும். அந்த இருநூறில் இதுவரை நூற்று முப்பத்தொன்று என் கைக்கு வந்து சரியாகிப் போயிருக்கிறது. உங்களுடையது நூற்று முப்பத்திரண்டு. இருங்கள், நோட்டில் குறித்துக்கொள்கிறேன். ஊர் திருச்சி என்றீர்கள். பெயர் சுகந்தி. சரி.

காபி ஆறுகிறது. நான்கு தடவை எடுத்தீர்கள், நான்கு தடவை கீழே வைத்தீர்கள். சர்க்கரை போதவில்லையா?

நீங்கள் வாசலில் நின்று சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன். சரியா என்று பாருங்கள். திருச்சியில் ஒரு வாடகை நூலகத்தை மூடியபோது இந்தப் புத்தகம் உங்களுக்குக் கிடைத்தது. ஏழு தடவை படித்தீர்கள். துப்பறியும் கோதாவரி ஒரு நாள் முழுக்கக் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். மறுநாள் அதே நாள், ஓர் எழுத்து மாறாமல், மறுபடி வருகிறது. அதோடு கதை முடிந்துபோகிறது. கொலைகாரன் யார் என்று சொல்லவே இல்லை. இதை எழுதியவருக்கு அந்த நோவு தெரிந்திருக்கிறது, தெரியாதவர் இப்படி எழுத முடியாது, அவரைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டும் என்று சென்னைக்கு வந்தீர்கள். பழைய புத்தகக் கடை கபூர் பாய், "அந்த புக்கா? பசை டப்பா வெச்சிக்கினு ஒரு அம்மா வரும், வியாசர்பாடில கீது, அதாண்ட கேளுங்க" என்று என் வீட்டுக்கு வழி சொன்னார்.

சரிதானே? சரி.

அப்படி யாரும் எழுதவில்லை, அம்மா. அது நான் செய்த தப்பு. நீங்கள் இவ்வளவு தூரம் வந்து ஏமாறக் கூடாது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்க எண்ணைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். எண்பதுக்கு அடுத்து அறுபத்தைந்து வருமா? அதையும் வேண்டுமென்றே போட்டார்கள் என்று நினைத்தீர்களா? படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒரு தப்பை விளக்க வேண்டும் என்றால் வரிசையாகச் சொல்ல வேண்டும். கேளுங்கள்.

மாத நாவல் என்றால் தொண்ணூற்றாறு பக்கம். கூடாது, குறையாது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மூன்று மடிப்பு மடித்தால் ஒரு ஃபாரம். ஆறு ஃபாரம் ஒரு புத்தகம். ஒன்று முதல் பதினாறு வரை முதல் ஃபாரம். அறுபத்தைந்து முதல் எண்பது வரை ஐந்தாவது. எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை ஆறாவது. நீளமான மேஜையில் ஆறு அடுக்காக வைத்திருப்போம். மேஜை ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். ஆறு ஆனதும் தட்டிச் சரி பண்ணிக் கம்பிப் பின் அடிக்கக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்துக்கு அடியிலும் சின்னதாக ஓர் எண் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. அதைப் பார்த்துச் சரி சொல்கிற வேலை எனக்கு. கூடத்தில் பதினான்கு பெண்கள். யார் மாற்றி வைத்தாலும் நான் பிடித்துவிடுவேன். நான் மாற்றி வைத்தால் பிடிக்க ஆள் இல்லை.

மடிக்கும்போது கதை தெரியாது. மடித்த ஃபாரத்தில் இரண்டு பக்கம்தான் வெளியே தெரியும், முதலும் கடைசியும். மற்ற பதினான்கும் உள்ளே மூடிக் கிடக்கும். இந்த நாவலில் ஐந்தாவது ஃபாரம் முழுக்க நான்தான் மடித்தேன். மேலே, "கோதாவரி கண்ணைத் திறந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது." திருப்பினால் கடைசிப் பக்கத்தில் கடைசி வரி, "நாளைக்கு எழுந்துவிடலாம் என்று கோதாவரி நினைத்தாள்." இந்த இரண்டு வரியையும் எட்டாயிரத்துக்கு மேல் தடவை பார்த்தேன். கண்ணைத் திறந்தாள். நாளைக்கு எழுந்துவிடலாம். கண்ணைத் திறந்தாள். நாளைக்கு எழுந்துவிடலாம். ஆறு நாள் வேலை.

அந்த வருஷம் எனக்கு முப்பத்தொன்பது வயது. ஆடி மாதம்.

நான் சொல்லப்போவதற்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை. தப்பு எப்படி நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் எனக்குக் கொஞ்சம் சோம்பல் வந்திருந்தது.

ஏதாவது நடந்திருந்தால் இன்னது நடந்தது என்று சொல்வேன். ஒன்றும் நடக்கவில்லை. நானும் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வீட்டுக்காரர் ஹார்பரில் வாட்ச்மேன், குடி கிடையாது. பையன் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டான். எங்கள் பிளாக்குக்குக் குழாய் வந்ததே அந்த வருஷம்தான். அதுவரை விடியற்காலையில் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். குழாய் வந்ததும் அந்த ஒரு மணி நேரம் மிச்சம். மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தில்தான் முதலில் படுத்துக் கிடந்தேன். பிறகு அது இரண்டு மணி நேரம் ஆனது.

காய்ச்சல் இல்லை. வலி இல்லை. அழுகை கூட இல்லை. அழுதிருந்தாலாவது யாராவது என்ன என்று கேட்டிருப்பார்கள். சோற்றை வாயில் வைத்தால் துணியை மெல்வதுபோல இருந்தது. தலையை வாரவில்லை. பஸ்ஸில் போகும்போது ராயப்பேட்டை வந்தது தெரியும். இறங்க வேண்டும் என்றும் தெரியும். கால் சொன்னபடி கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காலிடம் நான் சொல்லவே இல்லை. பஸ் திருவான்மியூர் போய் நிற்கும். கண்டக்டர், "எறங்கும்மா, இதுக்கு மேல சமுத்திரம்தான்" என்பார். இப்படி ஒன்பது தடவை.

எங்கள் கூடம் மாடியில் இருந்தது. முப்பத்திநாலு மரப்படி. பதினேழாவது படியில் நின்றுவிடுவேன். மேலே போக பதினேழு, கீழே போக பதினேழு. இரண்டும் ஒரே கணக்கு.

நாத்தனார் வந்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கயிறு கட்டினாள். மூன்று கயிறு. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் நன்றாக இருந்தது. வீட்டுக்காரர், "இன்னா பாக்கியம், சொவுத்தையே பாத்துக்கினு கீற? சொவுத்துல சினிமாவா ஓடுது?" என்று கேட்டுவிட்டு அவரே உலை வைத்தார். நல்ல மனுஷன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோதாவரிக்கு இருந்தது வேறு, அம்மா. அதில் ஒரு டாக்டர் வந்து மனச்சோர்வு என்று பெயரே சொல்கிறார், பக்கம் அறுபத்தெட்டில். எனக்கு அந்த மாதிரியெல்லாம் இல்லை. எனக்குச் சோம்பல்.

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இல்லாமல் கணக்கு நேராகாது.

எஸ்தர் என்னோடு வேலை பார்த்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு. வாயாடி. அவள் வீட்டுக்காரர் மெரினாவில் கடலை வண்டி வைத்திருந்தார். நான் நாலு நாள் சேர்ந்தாற்போல வேலைக்குப் போகாததும் ஐந்தாம் நாள் காலை எட்டு பத்துக்கு வந்து கதவை இடித்தாள். தட்டவில்லை, இடித்தாள். "இன்னாடி இது? எட்டு மணிக்குப் படுத்துக்கினு கீற, ராணியா நீ? எழுந்திரு!" நான் எழுந்திருக்கவில்லை. அவள் சும்மா போகிறவளா? அப்படியே உட்கார வைத்து, கையோடு கொண்டுவந்த சீப்பால் என் தலையை வார ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தலை வாரத் தெரியாது. இழுத்து இழுத்துப் பின்னினாள், கண் ஓரமெல்லாம் இழுபட்டது. அன்று முழுக்கத் தலைவலி.

மறுநாளும் எட்டு பத்துக்கு வந்தாள். அதற்கு மறுநாளும். எனக்கு எரிச்சலாக இருக்கும். மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் இப்படித் தலையிடலாமா? பஸ்ஸில் என் புடவைத் தலைப்பைத் தன் கையில் சுற்றிக்கொள்வாள், ராயப்பேட்டை வந்ததும் இழுப்பாள். பதினேழாவது படியில் நான் நின்றால் பின்னாலிருந்து முட்டியால் தள்ளுவாள். "நட, நட, மேல போய்க்கூட நிக்கலாம், அங்க யாரும் வேணாங்கல." மொத்தம் நூற்று இருபத்திரண்டு நாள் வந்தாள். நடுவில் ஒரே ஒரு நாள் வரவில்லை. அவள் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. அன்று நானும் போகவில்லை. சாப்பிடவும் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தத் தப்பு நடந்தது அந்த நாளுக்கு மறுநாள். கூடத்தில் ஒரு கட்டுக்கு இருநூறு ஃபாரம் கட்டி வைத்திருப்போம். ஆறாவது அடுக்கு தீர்ந்துபோனது. நான் போய்க் கட்டு எடுத்து வந்து, பிரித்து, அந்த இடத்தில் வைத்தேன். எடுத்து வந்தது ஐந்தாவது. அடியில் ஐந்து என்று போட்டிருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கோதாவரி கண்ணைத் திறந்தாள் என்று மேலேயே இருந்தது. அதையும் பார்த்தேன். ஐந்துக்கு அடுத்து ஐந்து வருவது எனக்கு அன்று தப்பாகத் தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

அதுதான், அம்மா. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? தூசியா? கீழே ரோடு தோண்டுகிறார்கள்.

சாயங்காலம் மிச்சத்தை எண்ணினேன். கெட்டுப்போகும் என்று ஒவ்வொரு ஃபாரமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடிப்பார்கள். ஐந்தாவதில் மிச்சம் இருநூறு குறைந்தது. ஆறாவதில் இருநூறு கூடியது. அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் எல்லாப் பிரதிக்கும் பின் அடித்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டி, பார்சல் ஏறிவிட்டது. இருநூறு புத்தகம் எந்தெந்தப் பார்சலில் என்று எப்படிச் சொல்ல? மேஸ்திரியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடுதலாக இருந்த அந்த ஒரு கட்டை ஒயர் கூடையில் போட்டு, மேலே சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். நாவல் போன மறுவாரம் மற்ற மிச்சத்தையெல்லாம் பழைய காகிதத்துக்குப் போட்டார்கள். ஆக ஆறாவது ஃபாரம் உலகத்திலேயே என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது.

எஸ்தர் தலை வார வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். கால் இடித்தது, குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

பதினெட்டாம் நாள் திருச்சி ஏஜண்டிடமிருந்து எண்பத்தெட்டு பிரதி திரும்பி வந்தது, ஒரு திட்டுக் கடிதத்தோடு. வேலாயுதம் மேஸ்திரி கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் பதினான்கு பேரையும் வரிசையாக நிறுத்தினார். ஒரு பிரதியைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார்.

"யாரு வேலை இது? கதைல அந்தப் பொம்பள ஏற்கெனவே எந்திரிக்க மாட்டேங்கறா. அவள நீங்க ரெண்டாவது தடவயும் படுக்க வெச்சிருக்கீங்க! ஆறாவது எங்க? குப்பைல கூட இல்லையே!"

யாரோ சிரித்தார்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையில் ஆணித் தலை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு.

எஸ்தர் சொன்னாள், "நான்தான் மேஸ்திரி. அடுக்கு மாத்தி வெச்சிட்டேன். மிச்சக் கட்டை வீட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டேன். எங்க வீட்டுக்காரு கடலை மடிக்கக் காயிதம் கேட்டாரு."

"ஒம் புருஷன் கடலைக்கு என் ஆறாவது ஃபாரந்தான் கெடச்சுதா?"

"நல்ல காயிதம் மேஸ்திரி, மை ஒட்டாது."

கூடமே சிரித்தது. மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது. எஸ்தரைப் பசை காய்ச்சுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார், மூன்று மாதம். மைதாவை மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று வராத மூலை. கையெல்லாம் கொப்புளம்.

நான் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, அம்மா. அவளாகச் சொன்னது. அந்த மூன்று மாதமும் காலையில் எட்டு பத்துக்கு வந்து அந்தக் கொப்புளக் கையால்தான் என் தலையை வாரினாள். முன்போலவே இழுத்து இழுத்து.

எண்பத்தெட்டு பிரதியையும் நான் சரி செய்தேன். தப்பு என்னுடையது. அதனால், எஸ்தரிடமிருந்து ஃபாரத்தை வாங்கி வந்து நானே சரி செய்கிறேன் என்று மட்டும் மேஸ்திரியிடம் சொன்னேன். மேஸ்திரிக்கு ஆச்சரியம். நான் அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசியது அன்றுதான். "எஸ்தர் தப்பு பண்ணினா ஒனக்கு என்ன பாக்கியம்?" என்றார். அதற்குள் எனக்கு வாய் மூடிக்கொண்டது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தேன். எந்தக் கடையில் மாத நாவல் குவிந்திருந்தாலும் உட்கார்ந்து தேடுவேன். இந்த 'ஈரக் கையெழுத்து' நாவல் கிடைத்தால் எண்பதுக்கு அடுத்த பக்கத்தைப் பார்ப்பேன். எண்பத்தொன்று இருந்தால் வைத்துவிடுவேன். அறுபத்தைந்து இருந்தால் அங்கேயே பிரித்து, இரண்டாவது ஐந்தை எடுத்துவிட்டு, ஆறைச் சேர்த்து, ஒட்டி, கடைக்காரரிடமே கொடுத்துவிடுவேன். கபூர் பாயின் அப்பா முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். பிறகு நிழலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அப்படி நாற்பத்து மூன்று. எண்பத்தெட்டும் நாற்பத்து மூன்றும் நூற்று முப்பத்தொன்று. இருபத்தெட்டு வருஷம்.

எடுத்துவிட்ட ஐந்தாவதெல்லாம் எங்கே என்றா கேட்கிறீர்கள்? அதுவும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. நூற்று முப்பத்தொன்று. வெளியே போட மனசு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

அதில் ஒன்றைப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பதினாறு பக்கத்துக்கு ஒன்பது நாள் ஆனது. வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்து திரிகிறது. போன் அடித்து அடித்து நிற்கிறது. பக்கம் எழுபத்திரண்டில் ஒரு காலைக் கீழே வைக்கிறாள். எழுபத்து மூன்றில் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். துப்பறிகிறவள் இப்படியா இருப்பாள்? முந்தின நாவல்களில் மோட்டார் சைக்கிளில் துரத்திப்போய் ஆளை அடித்திருக்கிறாளாம், எஸ்தர் சொன்னாள்.

ஆறாவதைப் படிக்கவில்லை. இது மூன்றாவது தடவை நீங்கள் கேட்பது, அதில் அவள் எழுந்திருக்கிறாளா என்று. எனக்குத் தெரியாது, அம்மா. வெளிப்பக்கம் இரண்டும்தான் தெரியும். எண்பத்தொன்றில் முதல் வரி, "யாரோ கதவைத் தட்டினார்கள்." தொண்ணூற்றாறில் அடுத்த மாத நாவலின் விளம்பரம். நடுவில் இருப்பது மடிப்புக்குள் மூடிக் கிடக்கிறது. கத்தி வைத்துக் கீறினால்தான் திறக்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்தான் கீறுகிறேன், ஆனால் கண் கத்தியில் இருக்கும், எழுத்தில் இருக்காது. படிப்பது என் வேலை இல்லை. யார் தட்டினார்கள் என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

சரி, பேசிக்கொண்டே இருந்தால் வேலை ஆகாது. இதோ உங்கள் ஆறாவது. அறுபத்தொன்பதில் ஒன்று. இன்னும் அறுபத்தெட்டு இருக்கும். முதலில் இரண்டு பின்னையும் எடுக்கிறேன். துரு ஏறியிருக்கிறது. அட்டையை இப்படி நகர்த்த வேண்டும். இப்போது இரண்டாவது ஐந்தாவதை...

என்ன? ஏன் கையைப் பிடிக்கிறீர்கள்?

எடுக்க வேண்டாமா?

எடுக்காமல் எப்படி? இது அதிகப்படி. அச்சான கதையில் இது ஒரு தடவைதான். ஆறு ஃபாரம், தொண்ணூற்றாறு பக்கம். ஏழு ஃபாரம் வைத்தால் நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிடும். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் மாத நாவலே கிடையாது. நூற்று முப்பத்தொன்றிலும் எடுத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் எப்படி...

சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், நான் மேஜையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உம்.

உம்.

ஒரே நாளில் எழுந்திருக்க உங்களால் முடியவில்லை. அவள் மட்டும் ஒரே நாளில் எழுந்துவிட்டால் உங்களுக்குப் பொய்யாக இருக்கும். அதுதானே?

லீவில் இருப்பதாகச் சொன்னீர்கள். எத்தனை நாள் லீவு என்று கேட்டேன், தெரியாது என்றீர்கள். லீவு நாள் தெரியாமல் யாராவது இருப்பார்களா என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கு வருவீர்கள் என்று கபூர் பாய் சொல்லி அனுப்பியிருந்தார், பதினொன்றே முக்காலுக்கு வந்தீர்கள். பஸ்ஸில் எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. தலையையும் பார்த்தேன். பின்பக்கம் சிக்கு விழுந்திருக்கிறது.

சரி. விடுங்கள் கையை. எடுக்கவில்லை.

இரண்டு ஐந்தும் இருக்கட்டும். அதற்குப் பிறகு ஆறு. ஏழு ஃபாரம். நூற்றுப் பன்னிரண்டு. பின் இவ்வளவு தடிமனுக்கு ஏறாது, பழைய ஓட்டையிலேயே ஊசி விட்டுத் தைக்கிறேன். அட்டை முதுகுப் பக்கம் பத்தாது. ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புக் காகிதம் வைக்கிறேன். பார்க்க நன்றாக இருக்காது. நோட்டில் நூற்று முப்பத்திரண்டுக்கு நேராக என்னவென்று எழுதுவது? 'சரி' என்று எழுத முடியாது. 'கூடுதல்' என்று எழுதுகிறேன்.

இந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு கையாலும். பசை பிடிக்கிற வரை நூறு எண்ணுங்கள். வேகமாக எண்ணக் கூடாது.

போதும். இப்போது இந்தக் கத்தியால் நீங்களே கீறுங்கள். மேல் மடிப்பு. இப்படி. அவ்வளவுதான், திறந்துகொண்டது. இங்கே படிக்க வேண்டாம், பசை ஈரமாக இருக்கிறது. பஸ்ஸிலும் படிக்க வேண்டாம். இறங்க வேண்டிய இடம் போய்விடும்.

காபியைக் குடித்துவிட்டீர்களே. சரி.

இன்னும் ஒன்று. உங்கள் செல் நம்பரைச் சொல்லுங்கள். விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. எஸ்தர் இப்போது ஆவடியில் பெண் வீட்டில் இருக்கிறாள். வேலையைவிட்டு நின்ற நாளிலிருந்து தினமும் காலை எட்டு பத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் எடுக்கக் கூடாது. அடித்து நின்றதும் நான் ஒன்று கொடுக்க வேண்டும். பேச்சே இல்லை. பேசினால் விடமாட்டாள். எட்டு பத்துக்கு நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். இந்த வயசில் யார் படுத்துக் கிடக்கப் போகிறார்கள்? பழகிவிட்டாள், விடமாட்டேன் என்கிறாள். போன வருஷம் ஒரு நாள் சார்ஜ் இல்லாமல் என் செல் நின்றுபோய், நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்தரைக்குக் கதவை இடிக்கிற சத்தம். அறுபத்தெட்டு வயசில், இரண்டு பஸ் மாறி, முட்டி வலியோடு வந்து நிற்கிறாள். கையில் சீப்பு.

எட்டு பத்து எஸ்தருடையது. அதனால் உங்களுக்கு எட்டு பன்னிரண்டு. ஒரே ஒரு தடவை அடிப்பேன். எடுக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்துகொண்டு, பிறகு நீங்கள் ஒன்று கொடுங்கள். படுத்துக்கொண்டே கொடுத்தால் எனக்குத் தெரியவா போகிறது? இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு கொடுங்கள்.

வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றா கேட்கிறீர்கள்?

திருச்சிக்கு இங்கிருந்து பஸ்ஸில் எத்தனை மணி நேரம்? ஆறா?

சரி. நம்பரைச் சொல்லுங்கள். ஒவ்வோர் எண்ணாகச் சொல்லுங்கள். விலாசத்தையும்.